பெட்டி மேல் இல்லாத பெயர்

அன்பு மகனுக்கு,

இன்னும் இருபத்திரண்டு நாளில் உனக்குக் கல்யாணம். பத்திரிகை வைக்கப் போகிற ஒவ்வொரு வீட்டிலும் காபி கொடுக்கிறார்கள், வேண்டாமென்றால் கோபித்துக்கொள்கிறார்கள். மூன்று நாளாக எனக்கு நெஞ்சு எரிகிறது. இத்தனை வேலைக்கு நடுவில் இவ்வளவு நீளமாக ஒரு கடிதம் எதற்கு என்று நீ நினைப்பாய். போனில் சொல்லிவிடலாம்தான். ஆனால் நான் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசத் தொடங்கினாலே, "நைனா, சைட்ல கீறேன், அப்புறம் கூப்டவா?" என்கிறாய். உன்னைக் குறை சொல்லவில்லை. நீ கூப்பிடும்போது நான் சூளைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த வருஷங்களும் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் அப்பன் மகனுக்குச் சொல்கிற புத்திமதி என்றும் இதை எடுத்துக்கொள்ளாதே. இந்த விஷயத்தில் புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை. நான் செய்த ஒரு தவறை உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதில் ஒரு பாதி உன் கண் முன்னால் நடந்தது, உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ.

என்னைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்ததையெல்லாம் வெட்டி ஒட்டி வைத்த கோப்பு அலமாரியில் இருக்கிறது. அதைப் படித்தால் நான் ஏதோ மண்ணோடு பிறந்தவன் மாதிரித் தோன்றும். நம் குடும்பத்தில் யாரும் சட்டிப்பானை செய்தவர்கள் இல்லை. திருப்போரூர்ப் பக்கம் நெல் போட்டவர்கள். நான் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, செங்கல்பட்டுப் பக்கம் வாஷ்பேசினும் கக்கூஸ் கோப்பையும் செய்கிற ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். கூழ் போலக் கரைத்த மண்ணை அச்சில் ஊற்றுகிற வேலை. சுட்டு வெளியே வந்த ஒவ்வொன்றையும் ஒருவர் மரக் குச்சியால் தட்டிக் கேட்பார். கணீரென்றால் லாரிக்குப் போகும். சத்தம் செத்திருந்தால் அங்கேயே உடைத்துப் போடுவார்கள். எட்டு வருஷம் அந்தச் சத்தத்துக்கு நடுவில் வேலை செய்தேன், மண்ணைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசித்ததில்லை.

புதுச் சூளை பொருத்துவதற்காக ஜப்பானிலிருந்து மொரிதா வந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பட்டறையில் எங்களிடம் தமிழ் கற்றுக்கொண்டதால், காலையில் வந்ததும், "இன்னா அண்ணாத்த, நாஸ்தா ஆச்சா?" என்று கேட்டுவிட்டுக் குனிந்து வணக்கமும் வைப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை மாமல்லபுரம் அழைத்துப் போக நான் பைக்கில் கிளம்பினேன். கொளவாய் ஏரிக்கரையில் நிறுத்தச் சொன்னார். இறங்கி ஒரு பிடி மண் எடுத்து, உள்ளங்கையில் நூல் போல உருட்டி, விரலில் சுற்றிப் பார்த்தார். வெடிக்கவில்லை. அதைத் தன் சாப்பாட்டு டப்பாவில் போட்டு மூடிக்கொண்டு, "நல்ல மண்ணு. நீ தெனம் இதத் தாண்டி வேலக்கி வர்ற, ஒரு நாளும் தொட்டதில்லயா?" என்றார். அன்றைக்குக் கடற்கரைக் கோயிலை அவர் அரை மணி நேரம்தான் பார்த்தார். மிச்ச நேரமெல்லாம் மணலில் உட்கார்ந்து அந்த ஏரி மண்ணில் ஒரு சின்னக் கிண்ணம் பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய அண்ணன் மேற்கு ஜப்பானில் மலைகளுக்கு நடுவே விறகுச் சூளை வைத்திருக்கும் குயவர். ஊருக்குத் திரும்பிய மொரிதா, அடுத்த வருஷம் அந்த அண்ணனிடம் பேசி என்னை அங்கே வரவழைத்தார்.

உனக்கு அப்போது இரண்டு வயது. உன் அம்மா திருக்கழுக்குன்றத்துக்காரி, வாத்தியார் வீட்டுப் பெண், பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு வருஷம்தானே, போய்ட்டு வாங்க, நான் பாத்துக்குறேன்" என்றாள். ரெண்டு வருஷம்தானே என்று அவள் சொன்னதை நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். உனக்கு அம்மை போட்டதும், வாடகை வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னதும், அவள் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு தேடி அலைந்ததும் எனக்குக் கடிதத்தில்கூட வரவில்லை. திரும்பி வந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும்.

அந்த மலையூரில் நான் கற்றுக்கொண்டது நிறைய. கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து அடியை எப்படிச் செதுக்குவது, கையில் எடுப்பவருக்கு எடை எங்கே தெரிய வேண்டும், விறகின் சாம்பல் தீயோடு பறந்து போய்ப் பானையின் தோளில் எப்படிப் படிகிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரிந்தது. மொரிதாவின் அண்ணன் அதிகம் பேசமாட்டார். தன் கையால் செய்ததையே பத்துக்கு ஆறு உடைத்துவிடுவார். அந்தக் கண்டிப்பைப் பார்த்துத்தான் நானும் மனிதனானேன் என்று மேடைகளில் சொல்லியிருக்கிறேன். அது பொய்யில்லை. ஆனால் நான் எந்த மேடையிலும் சொல்லாத ஒருவர் அந்த வீட்டில் இருந்தார். அண்ணனின் மனைவி சச்சிகோ. சுட்ட பாத்திரத்தின் மேல் கண்ணாடி மாதிரிப் படிகிற பூச்சு இருக்கிறதே, கிளேஸ் என்போமே, அதைக் கரைப்பது, பூசுவது, சூளையில் எது எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்வது எல்லாம் அந்த அம்மாள்தான். ஜப்பானில் நல்ல கிண்ணத்தை வெறுமனே விற்கமாட்டார்கள். அளவாக ஒரு மரப்பெட்டி செய்து, மூடியின் மேல் செய்தவர் மை தொட்டுத் தன் பெயரை எழுதுவார். அந்தப் பெட்டி இல்லாவிட்டால் கிண்ணத்துக்குப் பாதி மதிப்புதான். பெட்டிகளில் எல்லாம் அண்ணன் பெயர். வாங்க வருகிறவர்களுக்கு சச்சிகோ தேநீர் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். நான் அதைப் பார்த்தேன். பார்த்து, என்ன அடக்கம், என்ன பண்பு என்று வியந்தேன். அடிவளையம் செதுக்குவதைக் கற்றுக்கொண்ட அதே கண்ணால் இதையும் கற்றுக்கொண்டு வந்தேன்.

இதை உன் அம்மாவிடம் சென்ற மாதம் சொன்னபோது அவள் சிரித்தாள். "அதுக்கு எதுக்கு ஜப்பான் போவணும்? செங்கல்பட்டுக்கும் திருப்போரூருக்கும் நடுவுல எந்த வூட்டுல வேணா கத்துக்கலாமே" என்றாள்.

திரும்பி வந்ததும் தொழிற்சாலை வேலையை விட்டேன். திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில் உன் தாத்தா பெயரில் இருந்த இடத்தில் சூளை கட்டினேன். நீ அந்தச் செங்கல் குவியல் மேல் ஏறி விளையாடியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. முதல் இரண்டு வருஷம் சூளையைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்குக் காய்ச்சல் வரும். வடிவம் நன்றாக இருக்கும், கிளேஸ் கெட்டுப்போயிருக்கும். ஒரு தடவை சேறு பூசினாற்போல் மங்கலாக வரும், அடுத்த தடவை உருகி வழிந்து கிண்ணங்கள் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். அங்கே கற்ற அளவுகளை இங்கே போட்டால் சரிவரவில்லை. அந்த மலையின் கல் வேறு, மரம் வேறு. நான் பானைகளை உடைத்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையைக்கூட வைக்காமல் அந்த ஓடுகளைப் பொறுக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுல சுண்ணாம்பு அதிகமா போயிருக்குங்க. நீங்க போடுறது இன்னா சாம்பல்?"

"சவுக்கு. கிழக்குக் கடற்கரை ரோட்டுல வெட்டுறாங்களே, அது."

"அலசுனீங்களா?"

"சாம்பல எதுக்கு அலசணும்?"

அவள் அப்போதுதான் பையை இறக்கி வைத்தாள். அடுத்த நாள் நான்கு பிளாஸ்டிக் வாளிகளில் சாம்பலை ஊறப் போட்டாள். தெளிந்த நீரை வடித்து, மறுபடி நீர் விட்டு, மறுபடி வடித்து, பத்து நாள். அந்தக் காரத்தில் அவள் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்தது. வகுப்பில் சாக்பீஸ் பிடிக்க முடியாமல் துணி சுற்றிக்கொண்டு போனாள். பிறகு நெல் மில்லிலிருந்து உமிச் சாம்பல் வந்தது. விரல் அளவு மண் வில்லைகள் செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு கலவை பூசி, பின்னால் எண் போட்டு, ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிவைத்தாள். நான் சூளை போடும் ஒவ்வொரு தடவையும் ஒரு தட்டு நிறைய அவளுடைய வில்லைகள் உள்ளே போகும். எத்தனை நூறு என்று எனக்குத் தெரியாது. கடைசியில் அவளுக்கு வேண்டியது கிடைத்தது மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக்கூடத்தின் பின்புறம். கருங்கல்லை உளியால் கொத்தும்போது விழுகிற தூள், அவர்கள் வேலிக்கு வெளியே கொட்டுவது. அதை ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு வந்தாள். "மேடம், இத எடுத்துக்கினு போயி இன்னா பண்ணப் போறீங்க?" என்று சிற்பி கேட்டதற்கு, "கண்ணாடி பண்ணப் போறேன்" என்றாளாம்.

இந்த இடத்தில் நான் முதலில், 'தற்செயலாக அந்தக் கல்தூள் அவள் கண்ணில் பட்டது' என்று எழுதியிருந்தேன். அதுவரை எழுதியதை அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் அந்த வரியின் மேல் விரலை வைத்து, "தற்செயலாவா? ஆறு ஊருக் கல்லு இடிச்சுப் பாத்துட்டுத்தான் அங்க போனேன்" என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன். இத்தனை வயதுக்குப் பிறகு, மனம் திருந்தி எழுதுகிற கடிதத்தில்கூட என் கை அப்படித்தான் எழுதுகிறது பார்.

அந்தக் கலவை வெந்து வந்த சூளையை நாங்கள் திறந்தது ஒரு காலை வேளை. நீ பள்ளிக்கூடச் சீருடையில் நின்றுகொண்டிருந்தாய். மழை விட்டதும் நம் கடல் கரையோரத்தில் ஒரு நிறம் காட்டும், பச்சையும் இல்லாமல் நீலமும் இல்லாமல். அந்த நிறத்தில் கிண்ணங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஓரங்களில் மெலிந்து, குழிவில் ஆழமாகத் தேங்கி. நான் அழுதேன். உன் அம்மா ஒரு கிண்ணத்தை எடுத்துப் புடவையால் துடைத்துப் பார்த்துவிட்டு, "உமி இன்னும் கொஞ்சம் கொறைக்கலாம்" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கோப்பில் இருக்கிறது. சென்னையில் முதல் கண்காட்சி, பேட்டிகள், பேட்டிகளில் என் கைகளின் புகைப்படம். தோல் உரிந்த கைகளை யாரும் படம் எடுக்கவில்லை. இரண்டாவது கண்காட்சிக்கு டோக்கியோவில் கலைக்கூடம் வைத்திருக்கும் ஓர் அம்மையார் வந்திருந்தார், கூடவே தமிழ் தெரிந்த ஒரு மொழிபெயர்ப்பாளர். நான் ஜப்பானில் பார்த்தபடியே ஒவ்வொரு கிண்ணத்துக்கும் மரப்பெட்டி செய்து, மூடியில் தூரிகையால் என் பெயரைத் தமிழில் எழுதி வைத்திருந்தேன். அந்த அம்மையார் ஒரு கிண்ணத்தை நெடுநேரம் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த நிறத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். ஐம்பது பேர் இருந்த கூடம். முன் வரிசையில் உன் அம்மா, பக்கத்தில் நீ. நான் மைக்கில் சொன்னேன்: "மூணு வருஷம் தேடினேன்."

உனக்குப் பத்து வயது. நீ சத்தமாக, "அது அம்மா பண்ணது!" என்றாய்.

என் பதிலை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவர் அதைச் சரியாகக் கேட்கவில்லை, என்னைப் பார்த்து, பையன் என்ன சொல்கிறான் என்று கேட்டார். அப்போது எனக்கு ஒரு நொடி இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் சிரித்துக்கொண்டே, "அவங்க அம்மா நல்லா சமைப்பாங்கன்னு சொல்றான்" என்றேன். அது ஜப்பானிய மொழிக்குப் போனது. அந்த அம்மையார் எழுந்து நின்று உன் அம்மாவைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். நல்ல சாப்பாடு இருக்கும் வீட்டில்தான் நல்ல பாத்திரம் பிறக்கும் என்றாராம். கூடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். உன் அம்மா எழுந்து, கை கூப்பிவிட்டு உட்கார்ந்தாள்.

திரும்பி வரும்போது வேனில் நீ கேட்டாய். "ஏன் நைனா பொய் சொன்ன?" நான், "பெரியவங்க பேசறப்ப நடுவுல பேசக் கூடாது" என்றேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அதற்குப் பிறகு நீ அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. பையன் மறந்துவிட்டான் என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன். நீ மறக்கவில்லை, கற்றுக்கொண்டாய் என்று இப்போதுதான் தெரிகிறது. அதற்கு வருகிறேன்.

உன் அம்மா சண்டை போடவில்லை. ஒரு வாரம் கழித்து, சூளை அடுக்குகிற அன்று, நோட்டைக் கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்தாள். "எல்லாம் இதுல கீது. இனிமே நீங்களே கலக்கிக்கோங்க" என்றாள். அவ்வளவுதான். அவள் குரலில் கோபம் இல்லாததால் கோபம் இல்லை என்று முடிவு செய்துகொண்டேன். நோட்டில் உள்ளபடி நிறுத்து, அளந்து, கலக்கிப் பூசினேன். வெளுத்துப்போய் வந்தது. அடுத்த தடவை கறுத்து வந்தது. நான்கு சூளை வீணாயின. கல்தூள் ஒவ்வொரு மூட்டைக்கும் மாறும். சாம்பலை எத்தனை நீர் அலசினால் போதும் என்பது அந்தந்த மூட்டையைப் பொறுத்தது. அதையெல்லாம் அவள் விரலால் தொட்டு, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துச் சரிசெய்திருக்கிறாள். நோட்டில் எழுதக்கூடியது பாதிதான். சமையலறைக்குப் போய், "கோமதி, வந்து பாரேன்" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால், அது யாருடையது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். நான் கேட்கவில்லை.

அதற்குப் பதிலாக நான் செய்தது என்ன தெரியுமா? கிளேஸையே விட்டேன். பூச்சில்லாத வெறும் மண், தீயும் சாம்பலும் தானாக விட்டுப்போகும் தடம் மட்டும் என்று ஒரு புது வரிசை செய்தேன். அடுத்த கண்காட்சியில் ஒரு நிருபர் ஏன் என்று கேட்டபோது, நிறமும் ஒரு ஆடம்பரம்தான், அதைத் துறந்துவிட்டேன் என்றேன். எளிமையின் அழகை ஜப்பானியர்கள் வாபி என்பார்கள், அதை நோக்கிப் போகிறேன் என்றேன். அதை அவர்கள் எவ்வளவு புகழ்ந்து எழுதினார்கள் என்பது உனக்கே தெரியும். கல்லூரியில் ஒரு பெண் அதை வைத்து ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதினாள். என் வாழ்க்கையில் எனக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்த அந்த வரிசை, என் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்க வெட்கப்பட்டதால் பிறந்தது. இருபது வருஷம் அந்தப் பொய்யைத் துறவு என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போன மார்கழியில் மொரிதா வந்தார் அல்லவா, நீ வேலை இருக்கிறதென்று ஒரு மணி நேரம் மட்டும் வந்துவிட்டுப் போனாயே, அன்றைக்கு நீ போன பிறகு நடந்தது இது. அம்மா சாப்பாடு போட்டாள். கீரையை அந்தப் பழைய கடல் நிறக் கிண்ணம் ஒன்றில் வைத்திருந்தாள். வீட்டில் மிச்சமிருப்பது அது ஒன்றுதான், விளிம்பு உடைந்தது என்பதால் விற்காமல் விட்டது. மொரிதா கீரையைச் சாப்பிட்டு முடித்து, கிண்ணத்தைக் கழுவி எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டார். தன் அண்ணன் போன வருஷம் இறந்ததைச் சொன்னார். அண்ணன் போன பிறகும் சூளையிலிருந்து அதே நிறத்தில் கிண்ணங்கள் வந்துகொண்டிருக்க, ஊரில் எல்லோரும் அதிசயப்பட்டார்களாம். இவர் அண்ணியிடம், இவ்வளவு வருஷம் பெட்டியில் உங்கள் பெயரை ஏன் எழுதவில்லை என்று கேட்டிருக்கிறார். அண்ணி சொன்ன பதிலைத் தனக்குத் தெரிந்த தமிழில் எங்களுக்குச் சொன்னார்: "யாரும் கேக்கல."

பிறகு அவர் என்னைப் பார்க்காமல், கிண்ணத்தை உன் அம்மாவின் பக்கம் நீட்டி, "அம்மா, இது யாரு?" என்று கேட்டார்.

உன் அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "நிறம் என்னுது. வடிவம் அவரு" என்றாள்.

அவர் போன பிறகு நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டே கேட்டாள், நிறுத்தவில்லை. எல்லோருக்கும் எழுதுகிறேன், டோக்கியோவுக்கும் எழுதுகிறேன், உன் பெயரைப் போடச் சொல்கிறேன் என்றேன்.

"எழுதுங்க. எழுத வேண்டியதுதான். ஆனா எனக்கு அப்ப முப்பத்தஞ்சு வயசுங்க. பள்ளிக்கூடத்துல புள்ளைங்களுக்கு அதே பாடத்த வருஷா வருஷம் நடத்திக்கினு, மனசுக்குள்ள அடுத்த கலவை, அடுத்த கலவைன்னு ஓடிக்கினு இருக்கும். செவப்பு ஒண்ணு வரும்னு தெரியும் எனக்கு, செம்பு போட்டா. அத நான் பண்ணவே இல்ல. அந்த வருஷத்த எந்தப் பெட்டி மேல எழுதிக் குடுப்பீங்க?"

நான் எழுதினேன். டோக்கியோ அம்மையாரின் மகள் இப்போது அந்தக் கலைக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறாள். மிகவும் மரியாதையாகப் பதில் எழுதி, இனி தங்கள் பதிவுகளில் இருவர் பெயரும் இருக்கும் என்றாள். சென்னையில் சிலர் பதிலே போடவில்லை. ஒரு கூட்டத்தில் துறவுக் கதையின் உண்மையைச் சொன்னபோது முன் வரிசையில் இருந்த ஒருவர் பாதியில் எழுந்து போனார். அதெல்லாம் எனக்கு வலிக்கவில்லை. வலித்தது வேறு. புதிதாகக் கல்தூள் மூட்டை ஒன்று கொண்டுவந்து கொட்டகையில் வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். வந்தாள். தூளை விரலில் தேய்த்துப் பார்த்தாள். "நல்ல தூளுதான்" என்றாள். பிறகு, "எனக்கு இப்ப ஆசை இல்லீங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அவள் பொய் சொல்லவும் இல்லை. அந்த ஆசை உண்மையிலேயே போய்விட்டது. என் மன்னிப்பு வந்து சேர்ந்த நேரத்தில் அதை வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இல்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை நீயும் உனக்கு மனைவியாக வரப்போகிற கயலும் வந்திருந்தீர்கள். திருப்போரூர் சித்தப்பா, நம் ஊரில் நீங்கள் இருவரும் வடிவமைத்துக் கட்டுகிற நூலகத்தைப் பற்றிக் கேட்டார். "அந்தத் தெக்குச் செவுரு முழுக்க மண்ணு குழாயா அடுக்கி வெச்சிகீறீங்களே, உள்ள நின்னா ஃபேனே வாணாம் போல கீது, யாரு ரோசன அது?" என்றார். நீ பஜ்ஜியை எடுத்துக்கொண்டே, "நான்தான் சித்தப்பா" என்றாய். கயல் தண்ணீர் குடிக்க டம்ளரைத் தூக்கியவள், குடிக்காமல் கீழே வைத்தாள்.  சிரித்த முகத்தோடுதான் இருந்தாள். ஆனால் அந்தச் சுவரின் முதல் படத்தை அவள்தான் வரைந்தாள் என்பது எனக்குத் தெரியும். ஆடி மாதம் அவள் நம் கொட்டகைக்கு வந்து, நான் சுட்டு உடைந்துபோன மண் குழாய்களை அடுக்கி, கடல் காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று ஊதுவத்தி கொளுத்திவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ அன்றைக்கு வரவே இல்லை.

நான் உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் ஏற்கனவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் இருவரும் பைக்கில் கிளம்பிப் போனதும் கேட்டைச் சாத்திவிட்டு வந்து, "ஒங்க புள்ளதான், சந்தேகமே இல்ல" என்றாள்.

நீ கெட்டவன் இல்லை. யாரையும் ஏமாற்ற வேண்டும் என்று நினைத்துச் சொல்லவும் இல்லை. நானும் அப்படி நினைத்துச் சொல்லவில்லை. கேள்வி நம் பக்கம் பார்த்து வருகிறது, வாய் நம்முடையது, பதில் சின்னது. அந்த நேரத்தில் அது பொய் மாதிரியே இருக்காது. இரண்டு பேரும் ஒன்றுதானே, யார் பெயரில் இருந்தால் என்ன என்று தோன்றும். அப்படித் தோன்றுவது எப்போதும் பெயர் வருகிறவனுக்குத்தான். கயல் கேட்கமாட்டாள். உன் அம்மாவும் கேட்கவில்லை. கேட்காதவர்களோடு வாழ்கிறவன்தான் தானாக முந்திக்கொண்டு சொல்ல வேண்டும். இதை எனக்கு இருபது வருஷத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா என்றால், தெரியவில்லை. பத்து வயதுப் பையன் சொன்னான், கேட்கவில்லையே.

நூலகத்துக் கல்வெட்டு வேலையை என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, எழுத வேண்டிய வரிகளை நீ வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாய். மாமல்லபுரத்தில் ஐந்து ரதம் போகிற ரோட்டில் ஒரு பட்டறையில் கொடுத்திருக்கிறேன். நல்ல கருங்கல், மூன்றடிக்கு இரண்டடி, மெருகேற்றி வைத்திருக்கிறார்கள். நேற்றுப் போய்ப் பார்த்தேன். ஊராட்சியின் பெயர், திறந்து வைப்பவர் பெயர், நாள் எல்லாம் வெட்டி முடித்திருந்தார் சிற்பி. கடைசி வரி 'வடிவமைப்பு' என்பது. நீ அனுப்பியதில் அதற்கு நேராக உன் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அவர் உளியை எடுத்துவிட்டார். நான், "அண்ணாத்த, இந்த ஒரு வரிய மட்டும் விட்டு வைங்க" என்றேன்.

"இன்னா சார், எழுத்துப் பெழையா?"

"பையன கேட்டுட்டுச் சொல்றேன்."

"வியாயக்கெழம வரிக்கும்தான் டைம் சார். அப்புறம் பாலிஷு கீது, வண்டில ஏத்தணும். கல்லுல வெட்டுனா வெட்டுனதுதான், அழிக்க முடியாது."

அந்த வரிக்கு நேரே என்ன வெட்ட வேண்டும் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. கயலிடம் நானும் அம்மாவும் ஒரு வார்த்தையும் பேசவில்லை, பேசவும் மாட்டோம். நான் தலையிட்டு அவள் பெயரைச் சேர்த்தால் அது நான் கொடுத்ததாகிவிடும். இந்தக் கடிதம் செவ்வாய்க்கிழமை உன் கைக்கு வரும். சிற்பியின் நம்பரைக் கீழே எழுதாமல் விட்டிருக்கிறேன், ஏனென்றால் வேலை கொடுத்த அன்றே உனக்கு அனுப்பிவிட்டேன், அது உன் போனிலேயே இருக்கிறது. காலை ஏழு மணிக்கெல்லாம் பட்டறையைத் திறந்துவிடுகிறார். உளிச் சத்தத்தில் போன் அடிப்பது அவருக்குச் சட்டென்று கேட்காது. எடுக்கும்வரை கூப்பிடு.

உன் நைனா